ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண்

திண்டுக்கல் மாவட்டத்தில் எரியோட்டிலிருந்து அய்யலூர் போகும் ரோட்டில் ஒரு வியாழக்கிழமை, பொழுது விடியும் முன்னே போய்ப் பாருங்கள். அன்றைக்கு அய்யலூரில் ஆட்டுச் சந்தை. டி.வி.எஸ். வண்டியின் முன்பக்கம் ஒரு குட்டி, பின்னால் இன்னொன்று என்று கட்டிக்கொண்டு ஒருவர் போவார். முருங்கைக்காய்க் கட்டோடு இன்னொருவர். பால்கேன் தொங்கும் சைக்கிள் ஒன்று. நூல் மில் வேனுக்காக ரோட்டோரம் நடந்து வரும் பெண்கள். இவர்களுக்கு எதிரே, கூரையில் நீளமாக எல்.இ.டி. லைட் பார் கட்டிய ஜீப் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் இருப்பவருக்கு ரோடு பகல் போலத் தெரியும். ரோட்டில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் சில நொடிகள் பார்வை போய்விடும்.

என் அக்கா மகன் பழைய ஜீப் ஒன்று வாங்கக் கிளம்பியபோது இந்தக் காட்சிதான் என் மனதில் ஓடியது. அவனுக்கு எரியோட்டுக்குப் பக்கத்தில் தோட்டம். மழை பெய்தால் செம்மண் பாதை சேறாகிவிடும். ஓடையைத் தாண்ட வேண்டும். தக்காளிப் பெட்டியும் உரமூட்டையும் ஏற்ற வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அவனுக்கு உண்மையிலேயே தேவை. புது வண்டிக்குப் பணம் இல்லை. சிறுமலை, தாண்டிக்குடிப் பக்கம் மலையேறிப் பழகிய பழைய ஜீப்புகள் திண்டுக்கல் புரோக்கர்களிடம் விலைக்கு வரும். அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, “மாமா, வண்டி நல்லாயிருக்கு. ஹெட்லைட்தான் மங்கல். மேல ஒரு லைட் பார் போட்டுட்டா போதும்” என்றான்.

போதாது என்பதோடு, அது தப்பும்கூட. ஏன் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். காரணம், நம் நாட்டு வாகன விளக்குச் சட்டத்துக்குள் நல்லதொரு வடிவியல் கணக்கு ஒளிந்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் வந்தவை. அதில் 105ஆம் விதி, இருட்டில் ஓடும் வண்டியின் விளக்கு 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் மனிதரையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது. அடுத்த விதியான 106 அதற்கு ஓர் எல்லை போடுகிறது. முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எவ்வளவு சாய்வு? விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருந்தால், அந்தக் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. அவ்வளவு சாய்வு.

அந்தக் கண் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. ஆகவே வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பது எதிரே வருகிறவரின் கண். அய்யலூர் ரோட்டில் அது டி.வி.எஸ். ஓட்டுகிறவரின் கண்ணாகவோ சைக்கிள்காரரின் கண்ணாகவோ இருக்கும். விதி எழுதியவர்கள் அவருடைய கண்ணுக்கு மூன்று அளவுகளால் ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது கூரை விளக்கைக் கணக்குப் போடுவோம். ஜீப்பின் சொந்த ஹெட்லைட் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். டிம் ஒளியின் மேல்விளிம்பு ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் இறங்கும்படி வைத்திருந்தால், 8 மீட்டரில் அது 82 செ.மீ. உயரத்தில் இருக்கும். கண் இருப்பது 150 செ.மீ.யில். போகப் போக ஒளி இறங்கிக்கொண்டே போகும். ஆக, அது கண்ணின் உயரத்தை எங்கேயும் தொடுவதே இல்லை.

கூரையில் கட்டிய விளக்கு 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது 60 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும்படி சாய்த்து வைத்தால், 15 மீட்டர் தூரத்தில் அதன் நடு ஒளி சரியாக 1.5 மீட்டர் உயரத்தில் வந்து நிற்கும். கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் இன்னும் பக்கத்தில் கண்ணைத் தொடும். நிமிர்த்தினால் இன்னும் தள்ளித் தொடும். கண் உயரத்துக்கு மேலிருந்து புறப்பட்டுத் தரைக்கு வரும் எந்த ஒளியும் நடுவில் எங்காவது கண் உயரத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். எவ்வளவு திறமையான மெக்கானிக் பொருத்தினாலும் இதற்கு வழி கிடையாது.

இதனால்தான் 111ஆம் விதி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது: பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு, விதிவிலக்கான சூழ்நிலையில் தவிர, எந்த வண்டியின் முன்பக்கமும் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ பொருத்தக் கூடாது. “ரோட்டில் போகும்போது உறை போட்டு மூடிவிட்டால் போதும்” என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். விதி தடுப்பது எரியவிடுவதை மட்டும் இல்லை, பொருத்துவதையே. பலர் இந்த விளக்குகளைக் கட்டும், வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிச் சட்டத்தையும் தடுக்கச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைப் பழைய ஜீப் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். முந்தைய ஓனர் செய்த மாற்றமும் வண்டியோடு சேர்ந்து உங்கள் கைக்கு வருகிறது. லைட் பார் கட்டிய வண்டியை வாங்கினால், அதைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு ஓட்டி வாருங்கள்.

சில நொடிகள் பார்வை போய்விடும் என்று மேலே எழுதினேன். அது எப்படி நடக்கிறது?

நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. கூம்புச் செல்கள் பகலுக்கு, நிறம் பார்ப்பவை. குச்சிச் செல்கள் இருட்டுக்கு. குச்சிச் செல்களுக்குள் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. ஒளி பட்டதும் அது வெளுத்துப் போகும். திரும்பச் சேர நேரம் எடுக்கும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்த கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். எதிர்வண்டியின் வெளிச்சம் ஒருமுறை அடித்தால் அவ்வளவு நேரம் ஆகாது, சில நொடிகளில் ஓரளவு மீண்டுவிடும். ஆனால் 50 கி.மீ. வேகத்தில் போகிறவர் 2 நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடுகிறார். அந்த 28 மீட்டருக்குள் ஒரு மாட்டுவண்டி நிற்கலாம்.

கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் அறியாதது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தெள்ளத் தெளிவான கண்ணாடி இல்லை. உள்ளே நுழையும் ஒளியில் ஒரு பகுதியை அது சிதறடித்து, விழித்திரை முழுவதும் மெல்லிய வெண்திரை போலப் படரவிடுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் மங்கலான பொருள்கள் மறைந்துவிடும். திரை எவ்வளவு கனமானது என்பது, நாம் பார்க்கும் திசைக்கும் விளக்கு இருக்கும் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தைப் பொறுத்தது. கோணம் பாதியானால் திரை நாலு மடங்கு கனக்கும்.

இதை நம்மூருக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். வேடசந்தூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் எதிர்வண்டி நடுத்திட்டுக்கு அந்தப் பக்கம், சுமார் 7 மீட்டர் தள்ளிப் போகிறது என்று கொள்வோம். 50 மீட்டர் தூரத்தில் அது 8 டிகிரி விலகலில் தெரியும். எரியோட்டுக் கிராம ரோட்டில் எதிர்வண்டி 2 மீட்டர்தான் தள்ளி வருகிறது, விலகல் 2.3 டிகிரி. கண்ணில் விழும் ஒளி அதே அளவு என்றாலும், கிராம ரோட்டில் வெண்திரை 12 மடங்கு கனமாக இருக்கும். ரோடு குறுகக் குறுக, விளக்கைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய தேவை கூடிக்கொண்டே போகிறது. ஆனால் கூடுதல் விளக்குகளைப் பெரும்பாலும் இந்த மாதிரி ரோட்டுக்காகத்தான் ஏற்றிக் கட்டுகிறோம்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. 70 வயதுக்காரரின் கண் லென்ஸ், இளைஞருடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். கண்புரை தொடங்கியிருந்தால் இன்னும் மோசம். ரோட்டோரம் நடந்து வரும் பெரியவரிடம் டிம் கேட்பதற்கு ஒரு சுவிட்சுகூட இல்லை.

சரி, மங்கலான ஹெட்லைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் அக்கா மகனின் குறை நியாயமானது. 60 கி.மீ. வேகத்தில் போகும் பழைய ஜீப், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் சுமாராகப் பிடித்தால் நிற்க இன்னும் 28 மீட்டர். மொத்தம் 53 மீட்டர். அவ்வளவு தூரமாவது தெரியாவிட்டால் அந்த வேகத்தில் போகக் கூடாது. மங்கிய விளக்கும் ஆபத்துதான்.

மங்கலைச் சரிசெய்யும் முன், ஹெட்லைட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜீப்புக்கும் விளக்குக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் ஹெட்லைட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, இருட்டில் எஞ்சினைப் பழுதுபார்க்க வெளிச்சம் காட்டலாம். எதிரி விமானத்தின் கண்ணில் படாமல் ஓட்ட, இடது மட்கார்டின் மேல் முக்காடு போட்ட சிறு விளக்கு ஒன்றும் இருந்தது. அந்த வில்லிஸை மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் இந்தியாவில் கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த மகிந்திரா ஜீப்புகளுக்கும், 1985இல் வந்த மாருதி ஜிப்சிக்கும், 2010இல் வந்த முதல் மகிந்திரா ‘தார்’ வண்டிக்கும் முகத்தில் இருப்பது ஒரே அளவு வட்டக் கண்: 7 அங்குலம். ஒன்றுக்குப் போடும் விளக்கு இன்னொன்றுக்கும் பொருந்துவதால் பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது பெரிய வசதி.

அந்த வட்டக் கண்ணுக்குள்ளே பளபளப்பான பரவளையக் கிண்ணம், அதுதான் ரிஃப்ளெக்டர். அதன் குவியத்தில் ஒரு புள்ளி ஒளியை வைத்தால், கிண்ணத்தில் பட்ட ஒளி இணைகற்றையாக நேரே போகும். 1971இல் வந்த எச்4 என்ற ஹாலோஜன் பல்பில் இரண்டு இழைகள் இருக்கின்றன. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். பிரைட் இழை குவியத்தை ஒட்டி இருக்கிறது. டிம் இழையைக் குவியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, அதன் அடியில் கரண்டிபோல ஒரு சிறு தகட்டை ஏந்தவைத்திருக்கிறார்கள். அந்தத் தகடு, ஒளி கிண்ணத்தின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் மறைக்கிறது. மேல்பாதியில் மட்டும் படும் ஒளி, இழை முன்னால் தள்ளி இருப்பதால் கீழ்நோக்கியே வெளியேறும். டிம் அடித்தவுடன் சுவரில் ஒரு கோடு கிழித்ததுபோல மேலே இருட்டும் கீழே வெளிச்சமும் பிரிவது இதனால்தான். தகட்டின் ஒரு ஓரம் 15 டிகிரி சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அதனால் இடப்பக்கம் மட்டும் வெளிச்சக் கோடு மேலேறி, ரோட்டோரம் நடப்பவரைக் காட்டும். வலப்பக்கம் எதிர்வருகிறவரின் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். விரல் நுனி அளவுத் தகடு ஒன்று இத்தனை வேலையைச் செய்கிறது. மனிதர் செய்த சிறு பொருள்களில் நான் மிகவும் மதிப்பவற்றில் அதுவும் ஒன்று.

வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கில் இந்தச் சரிவு எதிர்ப்பக்கம் இருக்கும். வெளிநாட்டு 7 அங்குல விளக்கை இணையத்தில் வாங்கி மாட்டினால், டிம் ஒளியின் உயர்ந்த ஓரம் நேராக எதிர்வண்டிக்காரரின் முகத்தில் போய் விழும். ஐரோப்பியத் தரமுத்திரை உள்ள விளக்கு என்றால் கண்ணாடியிலேயே அடையாளம் இருக்கும்: விளக்கைப் பார்த்தபடி நீங்கள் நிற்கையில் உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அம்பே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்.இ.டி. பல்பு செருகுவது இப்போது பரவலாகிவிட்டது. கிண்ணம் அந்த மெல்லிய இழைக்காக வார்க்கப்பட்டது. இழை இருந்த இடத்தில் தட்டையான பலகையின் இரு முகத்திலும் ஒட்டிய சில்லுகளை வைத்தால், ஒளி பிறக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் இடம் மாறும். பரவளையத்தில் அந்த மில்லிமீட்டர் ரோட்டில் மீட்டர்களாகப் பெருகும். வெளிச்சக் கோடு கலைந்து மேலேயும் சிதறும். ஓட்டுகிறவருக்கு முன்னால் பத்தடி தூரம் பளீரென்று தெரிவதால் விளக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். தொலைவில் உண்மையில் குறைந்திருக்கும். மலிவான பல்புகளின் நீலம் கலந்த வெள்ளை எதிரே வருகிறவரின் கண்ணைக் கூடுதலாக உறுத்தும். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. பல்புகளுக்கு அனுமதி தந்தார்கள். அதுவும் ஒவ்வொரு வண்டி மாடலின் விளக்கோடும் தனித்தனியே சோதித்து, தேறிய மாடல்களுக்கு மட்டும். எல்.இ.டி. வேண்டுமென்றால் கிண்ணம், கண்ணாடி, சில்லு எல்லாம் ஒன்றாக வடிவமைத்து, இந்தியத் தரச் சான்று பெற்ற முழு விளக்கைத்தான் பார்க்க வேண்டும். அதையும் அந்த மாடலுக்குப் போடலாமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு.

வண்டியை வாங்கியபின் திண்டுக்கல்லில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். வயதானவர். பல்பைத் தொடவே இல்லை. மீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 வோல்ட் இருந்தது. ஹெட்லைட் ஹோல்டரில் 12. “பல்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. கரண்ட்டு வழியிலயே செத்துப்போகுது” என்றார்.

அந்த ஒன்றரை வோல்ட் எங்கே போனது? இரண்டு 60 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் ஓடுகிறது. பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு, அங்கிருந்து டிம்மருக்கு, அங்கிருந்து ஹோல்டருக்கு, பிறகு பாடியில் துருப்பிடித்த எர்த் போல்ட் வழியாகத் திரும்பப் பேட்டரிக்கு. வழியெல்லாம் சேர்த்து 0.15 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் காணாமல் போய்விடும். அந்த மின்சாரம் 15 வாட் வெப்பமாகி ஒயரையும் சுவிட்சையும் சுடவைக்கிறது.

ஒன்றரை வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. டங்ஸ்டன் இழையின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய 3.4 அடுக்கில் குறைகிறது. இழையின் சூடு சற்றுக் குறைந்தாலும் அது வெளியிடும் ஒளியில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடுவதே காரணம். 13.5 வோல்ட்டுக்குப் பதில் 12 கிடைத்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மஞ்சளாக அழுது வடியும் பழைய ஜீப் விளக்குகளில் பலவற்றுக்கு நோய் இதுதான்.

இந்த நோய்க்குப் பலர் செய்யும் வைத்தியம் 100 வாட் பல்பு. அதே ஒயரில் அதைப் போட்டால் கரண்ட் 10லிருந்து 16.7 ஆம்பியராக ஏறும். வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுவதால் 15 வாட் சுமார் 42 வாட்டாகும். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், ஒயர் தீப்பிடிக்கலாம். இதுவும் சட்டப்படி கூடாத மாற்றம்தான்.

அந்தப் பெரியவர் செய்த வைத்தியம் வேறு. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை ஃபியூஸ் வைத்து நேராக ஹெட்லைட்டுக்கு இழுத்தார். நடுவில் இரண்டு ரிலே; ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. பழைய சுவிட்ச் இப்போது ரிலேக்குள் இருக்கும் சிறு மின்காந்தத்தை மட்டும் தட்டிவிடுகிறது. 10 ஆம்பியர் அதன் வழியே போவதில்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவித் திரும்ப முடுக்கினார். புகைபடிந்த இரண்டு ரிஃப்ளெக்டரையும் மாற்றி, தரமுத்திரை உள்ள அதே அளவு புதியதைப் போட்டார். 60/55 வாட் பல்பு அப்படியே. ஹோல்டரில் வோல்ட் 13.2 வந்தது. விளக்கின் வகை, இடம், எண்ணிக்கை, வாட் எதுவும் மாறவில்லை. வெளிச்சம் மட்டும் திரும்பி வந்தது.

அடுத்தது திசை. இரவில் சமதளத்தில், வெள்ளைச் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். விளக்கின் மையம் தரையிலிருந்து எத்தனை உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு கரிக்கோடு. அதற்குக் கீழே 10 செ.மீ. விட்டு இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் படியும்வரை விளக்கின் ஓரத்துத் திருகாணியைத் திருக வேண்டும். மாடலுக்கு மாடல் 10 முதல் 15 செ.மீ. வரை வேறுபடும், வண்டியின் கையேட்டில் இருந்தால் அதுவே சரியான அளவு.

இங்கேதான் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. பின்னால் நாலு மூட்டை ஏற்றியதும் வெளிச்சக் கோடு சுவரில் மளமளவென்று ஏறியது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து போயிருந்தன. கணக்கு எளிது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 2.4 மீட்டர். பின்பக்கம் 4 செ.மீ. இறங்கினாலே வண்டியின் மூக்கு 1 டிகிரி நிமிரும். அந்த ஒரு டிகிரியில், 50 மீட்டர் தூரத்தில் ஒளி 87 செ.மீ. மேலேறும், ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த டிம் ஒளி ஏறுமுகமாகி, 80 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தொட்டுவிடும். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் இன்னும் தாழ்வு என்பதால் அவரை அதைவிடப் பக்கத்திலேயே தொடும். ஆகவே ஜீப் வாங்கும்போது பட்டையைப் பார்ப்பது விளக்கைப் பார்ப்பதும்தான். முன்பக்கம் மட்டும் உயர்த்திப் பட்டையில் கை வைத்த வண்டிகளுக்கும் இதே கதி.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று நாலு சக்கர இழுவை. அதைச் சோதிக்க மண் பாதைக்குக் கொண்டுபோங்கள். தார் ரோட்டில் அதைப் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் உருள வேண்டிய சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக் கியர் பல்லைக் கெடுக்கும்.

காகிதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாற்றுவது சகஜம், மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். வேறு மாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று வேண்டும், கடன் இருந்தால் படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றாமல் விட்டுவிட்டால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்குத் திண்டுக்கல் அலுவலகம், டி.என். 57.

பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர்கள் பின்னால் இருக்க வேண்டும் என்பது 104ஆம் விதி. அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக்குக்குள் பெட்டியின் மூலைபோல மூன்று முகங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் குழிகள் வரிசையாக இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் ஒளி சற்றுச் சாய்வாக வந்தாலும் மூன்று முகத்திலும் பட்டு, வந்த வழியே திரும்பிப் போகும். பேட்டரி செத்து இருட்டில் நிற்கும் ஜீப்பைக் காட்டிக்கொடுப்பது அதுதான். விலை மிகக் குறைவு. உடைந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் இன்னொரு கண் எங்கள் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது. தேவாங்கு. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம், கடவூர் வட்டங்களில் பரவிய 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் இது. அய்யலூர்க் காடும் இந்த விலங்கின் இருப்பிடம். முழுக்க முழுக்க இரவில் வாழும் விலங்கு; சிறிய உடம்பு; அதற்குப் பொருந்தாத அளவு பெரிய கண்கள். விழித்திரைக்குப் பின்னால் ஒரு பிரதிபலிப்புப் படலம் இருப்பதால், ஒருமுறை தப்பிய ஒளி திரும்ப வந்து மறுமுறை செல்களில் படுகிறது. நட்சத்திர வெளிச்சத்தில் பூச்சி பிடிப்பதற்கு அமைந்த கண் அது. கிளைக்குக் கிளை தாவாமல் மெல்ல நகர்வது தேவாங்கின் இயல்பு. மரங்களின் தொடர்பு அறுந்த இடத்தில் தரையிறங்கி ரோட்டைக் கடக்கும்போது அதனால் தாவிக் கடக்க முடியாது. இரவில் தேவாங்கு கணக்கெடுக்கப் போகும் ஆய்வாளர்கள் தலைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு போகிறார்கள், அதன் கண்ணை நோகடிக்காமலிருக்க. காட்டோரத்தில் கூரை விளக்கு போட்டுக்கொண்டு போகும் ஜீப்பை வனத்துறை வேட்டைக்கு வந்த வண்டியாக நினைத்து நிறுத்தினால் அதில் குற்றம் காண முடியாது.

தோட்டத்தில் இரவில் மோட்டார் ரூமைப் பார்க்கவும் வாய்க்கால் திருப்பவும் வெளிச்சம் வேண்டாமா என்று அக்கா மகன் கேட்டான். வேண்டும்தான். அதற்குச் சார்ஜ் செய்கிற நல்ல கைவிளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது வண்டியில் பொருத்தியது ஆகாது. தேவைப்பட்ட இடத்துக்கு எடுத்துப்போகலாம், ரோட்டுக்கு வரும்போது அணைத்துப் பைக்குள் போட்டுவிடலாம்.

பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகலில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொழுது சாய்ந்தபின் ஒரு முறை போங்கள். வோல்ட் மீட்டர் ஒன்றும் அளவு நாடா ஒன்றும் கரித்துண்டு ஒன்றும் எடுத்துப்போங்கள். வெள்ளைச் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் போடச் சொல்லுங்கள். பிறகு உங்களோடு வந்தவரைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, கண்ணைக் கூசுகிறதா என்று கேளுங்கள். கூசினால், விளக்கைச் சரிசெய்த பிறகு வண்டியை ரோட்டில் இறக்குங்கள்.